தொட்டால் நகரும் புள்ளி

இந்தத் தென்கோடித் தீவில், ஹோபார்ட்டில், மே மாதம் பிறந்து குளிர் வந்துவிட்டால் மடிக்கணினியை உண்மையாகவே மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வது ஒரு சுகம். கணப்பு மூட்ட வேண்டியதில்லை, தொடை கதகதவென்று இருக்கும். அந்தச் சூட்டைக் குறைப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

சென்ற முறை வந்தபோது உங்கள் போலீஸ் படிவத்தில் என் தொழில் என்ற இடத்தில் 'கணினி' என்று ஒரே சொல்லாக எழுதிக்கொண்டீர்கள். அது தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் நடுவில் கேள்வி கேட்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். நான் எதையும் விடமாட்டேன்.

உலகத்தில் பல ஆயிரம் பேர் சேர்ந்து எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எவரும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிற இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதன் கருவை கெர்னல் என்பார்கள். பெரிய வீடு. அதில் ஒரு சின்ன அறை என் பொறுப்பு: திரையில் படம் வரையும் ஒரு பழைய வரிசை கிராபிக்ஸ் சில்லுகளை வேலை செய்யவைக்கும் டிரைவர் என்ற நிரல். சில்லைச் செய்த நிறுவனம் அதை மறந்து பத்து வருடமாகிறது. பள்ளிக்கூடங்களிலும் பண்ணைகளிலும் பழைய இயந்திரங்களை விட மனமில்லாதவர்களின் மேசைகளிலும் அவை இன்னும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடவைப்பது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

போன ஜனவரியில் வெளிவந்த பதிப்பில் என்னுடைய திருத்தம் ஒன்று சேர்ந்தது. திரையில் படம் மாறாமல் இருக்கும்போது சில்லைத் தூங்கவைத்துவிட்டு, கடைசிப் படத்தையே திரை காட்டிக்கொண்டிருக்கும்படி செய்வது. படம் மாறினால் எழுப்புவது. அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தேன். மாற்றம் மிகச் சின்னதாக இருந்தால், பிக்சல் என்கிற திரை நுண்புள்ளியில் நாலைந்து மட்டும் என்றால், அதற்காக எழுப்ப வேண்டாம். இதனால் ஒரு மின்கலம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வந்தது. எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதினார்கள். மே கடைசியில் கிறைஸ்ட்சர்ச்சில் நடக்கும் மாநாட்டில் இதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பதினான்கு வருடத்தில் அது முதல் அழைப்பு.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சட்டம் உண்டு. நேற்றுவரை சரியாக ஓடியது புதுப் பதிப்பில் கெட்டுப்போனால் அதை ரெக்ரஷன் என்போம். எவ்வளவு அருமையான திருத்தமாக இருந்தாலும் சரி, அது ஒரே ஒருவருடைய இயந்திரத்தைக் கெடுத்திருந்தாலும் சரி, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். பேச்சே கிடையாது. நல்ல சட்டம்தான். நானே மற்றவர்களுடைய திருத்தங்களை அந்தச் சட்டத்தைச் சொல்லி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் கிளெம் ஹாட்ரெல் என்பவரிடமிருந்து எங்கள் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு ஒரு புகார் வந்தது. எழுபத்தொரு வயது, படகுத்துறையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கே, கார் ஓட்டினால் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் கானட் முனையில் தன்னார்வலர்கள் நடத்தும் கடற்காவல் குடில் ஒன்று உண்டு. அங்கே கணினியைப் பார்த்துக்கொள்வது அவர். இப்படி எழுதியிருந்தார்:

"ஐயா, நான் படிச்சவன் இல்ல, எண்ணெய்க்கை. புதுப் பதிப்பு போட்டதுலேர்ந்து எங்க வரைபடத் திரை அப்பப்ப ஒட்டிக்குது. படகுப் புள்ளி நகராம நிக்குது. மவுஸைத் தொட்டா போதும், டபக்குனு சரியாயிடுது. ஆள் வந்து பாத்தா நல்லாருக்கு, போனா கெட்டுப்போகுது. எங்க வீட்டுப் பூனை மாதிரி."

நான் இதைப் படித்து மூன்று நாளில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என்னிடம் அதே வகை மடிக்கணினி இருந்தது. ஒரு வெற்றுத் திரையில் சின்னப் புள்ளி ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக நகரவைத்தேன். மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புள்ளி நகரவில்லை. பதினொரு நிமிடம் பார்த்தேன். மவுஸை அசைத்தேன். புள்ளி பதினொரு நகர்வு தள்ளிப் போய் நின்றது.

தவறு என்னுடையது. சின்ன மாற்றங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை அளவைத் தாண்டியதும் திரையை எழுப்ப வேண்டும். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, இது அற்பம், இதுவும் அற்பம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரே வரி. திருத்தமும் அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். என் இயந்திரத்தில், வேறு யாரும் பார்க்காத ஒரு தனிக் கிளையில் அதை வைத்தேன்.

அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், பொதுவில் என் பெயருக்குக் கீழே ரெக்ரஷன் என்ற சொல் வரும். சட்டப்படி முதலில் மொத்தத்தையும் வெளியே எடுப்பார்கள், பிறகு நிதானமாக ஆராய்வார்கள், திரும்பச் சேர்க்க இரண்டு பதிப்பாகும். கிறைஸ்ட்சர்ச்சில் நான் எடுத்துவிடப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். மாநாடு முடிந்து அடுத்த பதிப்பில் மற்ற சில்லறைச் சீர்திருத்தங்களோடு இதையும் சேர்த்து அனுப்பிவிட்டால் யாருக்கும் வலியில்லை. காத்திருக்க வேண்டியது சில வாரங்கள். இதை எவரிடம் சொன்னாலும் நியாயம் என்றே சொல்வார்கள்.

ஆனால் கிளெமுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

கெட்டது எந்தத் திருத்தத்தால் என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. நன்றாக ஓடிய பழைய பதிப்பு ஒன்று, கெட்டுப்போன புதுப் பதிப்பு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வந்த ஆயிரக்கணக்கான திருத்தங்களைப் பாதியாகப் பிரித்து நடுவிலிருப்பதைச் சோதிப்பது. நன்றாக இருந்தால் குற்றவாளி இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். பாதி, பாதியில் பாதி என்று பதின்மூன்று தடவையில் ஒரே திருத்தத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் கெர்னலை முழுக்கக் கட்ட வேண்டும், அதாவது நிரலிலிருந்து புதிதாகத் தொகுக்க வேண்டும். கிளெமிடம் இருந்த இயந்திரத்தில் ஒரு கட்டலுக்கு ஏழு மணி நேரம் ஆகும்.

அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி நான் தொடக்கத்தை நகர்த்திக் கொடுத்தேன். "இந்த இடம் வரைக்கும் நான் சோதிச்சுட்டேன், நல்லாத்தான் ஓடுது. நீங்க இங்கேர்ந்து ஆரம்பிங்க, எட்டு தடவையே போதும்" என்று எழுதினேன். நான் கொடுத்த இடம் என்னுடைய திருத்தத்துக்குப் பிற்பட்டது. அதற்கு மேல் எதைக் கட்டினாலும் கெட்டுத்தான் இருக்கும்.

கிளெம் இரண்டு வாரம் கட்டினார். ஒவ்வொரு கட்டலுக்கும் ஒரு கடிதம் வரும். "மூணாவதும் கெட்டுப்போச்சு தம்பி. மனைவி கேக்கறா, என்னைக் கட்டினப்பகூட இவ்வளவு மெனக்கெடலியேங்கறா." கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த திருத்தம், யாரோ ஒருவர் விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்தது. அதனால் திரை உறைய வழியே இல்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

"நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்குங்க தம்பி, உங்க நேரத்தையும் வீணடிச்சிட்டேன்" என்று எழுதினார்.

நான் அவரைத் தேற்றினேன். மென்பொருளில் தவறு இல்லாதபோது இப்படித்தான் சம்பந்தமில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும், திரைக்குப் போகும் கம்பி பழசாகியிருக்கலாம் என்றேன். ஏப்ரல் முதல் வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. புதுக் கம்பி ஒன்றை நானே வாங்கிக்கொண்டு போனேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். வேறு எந்தப் பராமரிப்பாளரும் இரண்டு மணி நேரம் காரோட்டிக் கம்பி கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்.

குடில் என்பது பாறைமேல் ஒரு தகரக் கொட்டகை. ஜன்னல் வழியாக ஹென் தீவு தெரியும். வானிலை கெட்டால் தெரியாது. அதற்காகத்தான் திரை. சிறு படகுகளில் பொருத்தியிருக்கும் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை இருக்குமிடத்தைச் சொல்லும், வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக நிற்கும். உள்ளே போனதும் நாற்காலியிலிருந்து ஓர் அம்மாள் திரும்பினார். வெரிட்டி ட்ரிஃபிட், அறுபத்தாறு வயது. ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். வியாழக்கிழமைக் காவல் அவருடையது.

"யாரு, டிரைவரு வந்துட்டாரா? பஸ்ஸை எங்க நிறுத்தினீங்க?"

"டீச்சரம்மா, அவரு அந்த டிரைவரு இல்ல" என்றார் கிளெம்.

"தெரியும்யா. எனக்கு வெளக்கம் சொல்ல வந்துட்டான். உக்காருங்க தம்பி, சிப்பிப் பை சூடா இருக்கு, ஸ்காலப் சிப்பிக் கறிய மாவுல மூடிச் சுட்டது. கிளெம் ரெண்டு தின்னுட்டான், கேட்டா ஒண்ணுன்னுவான்."

"ஒண்ணரை" என்றார் கிளெம்.

மடிக்கணினியோடு கம்பியில் இணைத்திருந்த பெரிய திரையின் கீழ்ச் சட்டத்தில் மஞ்சள் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. கிளெமின் கையெழுத்து. 'மவுஸுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கிச்சுகிச்சு மூட்டவும்.' கீழே யாரோ சிரிக்கிற எலி ஒன்றை வரைந்திருந்தார்கள். ஐந்து வாரமாக அந்தக் குடிலில் காவல் இருந்த எல்லோரும் அப்படியே செய்துவந்திருக்கிறார்கள்.

நான் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞர் ஈரச் சப்பாத்தோடு வாசலில் வந்து நின்றார். ரோவன் டிரீன். தீவுக்குப் பின்னால் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடிப்பவர். கையில் ஈரச் சாக்கு.

"டீச்சர், இன்னிக்கு ரெண்டு. கிளெம் கண்ணுல படாத எடமாப் பாத்து வைங்க."

"உள்ள வராதடா, தரையெல்லாம் தண்ணி. இவனைப் பாத்தீங்களா தம்பி? மூணாங்கிளாஸ்ல தண்ணியப் பாத்தா அலறுவான். குளத்துப் படியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவான், ஒவ்வொரு வெரலா பிரிச்சு எடுக்கணும். இப்போ கடல்லயே குடியிருக்கான்."

"வெரலைப் பிரிச்சீங்களா, ஒடைச்சீங்களா? இன்னும் வலிக்குது டீச்சர்."

நான் அவரோடு கைகுலுக்கினேன். கை சில்லென்று இருந்தது. அவர் போன பிறகு ஜன்னல் வழியாக அவருடைய அலுமினியப் படகைக் காட்டினார் வெரிட்டி. பிறகு திரையில் அதே படகின் புள்ளியைக் காட்டினார். "இது என் பையன்" என்றார். அவருக்குக் குழந்தைகள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கம்பி மாற்றியாயிற்று. கிளெம் மஞ்சள் காகிதத்தைக் காட்டி, "இது இன்னும் வேணுமா தம்பி? இருந்துட்டுப் போகட்டுமே?" என்று கேட்டார்.

நான் அதை நானே உரித்தேன். "வேண்டாம். இனிமே தொட வேண்டியதில்ல" என்றேன்.

"எனக்குக் கை பழகிப்போச்சே" என்றார் வெரிட்டி.

"சும்மா சும்மா தொட்டா புதுக் கம்பியில படம் குதிக்கும்மா, கண்ணுக்குக் கெடுதல்."

"நீங்க சொன்னா சரி" என்றார். மவுஸை எடுத்து மேசையின் மறு ஓரத்தில், கை எட்டாத இடத்தில் வைத்தார்.

மே ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை. அன்று நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது, இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் மழைமேகம் கடலோடு கடலாக இறங்கிவிட்டது. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. ரோவனின் புள்ளி ஹென் தீவின் மறைவில், அவர் எப்போதும் கூண்டு தூக்கும் இடத்தில் நின்றது. இரண்டரை மணிக்கு அவருடைய மோட்டார் நின்றுபோயிருக்க வேண்டும். கை வானொலி தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும், அது கிடைக்கவே இல்லை. காற்று படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று. கருவி நிமிடத்துக்கு ஒருமுறை இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. குடிலில் இருந்த இயந்திரம் ஒவ்வொன்றையும் வாங்கிப் பதிவுசெய்தது. வரைபடம் புள்ளியை இரண்டு மூன்று பிக்சல் அளவு நகர்த்தி வரைந்தது. என் வரி ஒவ்வொன்றையும் அற்பம் என்று தள்ளியது.

வெரிட்டி ஒரு மணி ஐம்பது நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணியளவில் ஒரு தடவை வானொலியில் கூப்பிட்டார். பதில் இல்லை. கூண்டு தூக்கும்போது ரோவன் பதில் சொல்வதில்லை, இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். புள்ளி பத்திரமான இடத்தில்தானே நிற்கிறது என்று இருந்துவிட்டார்.

நாலு இருபதுக்குக் காவல் மாற்ற கிளெம் வந்தார். நனைந்த தோள்பையை மேசையில் வைத்தபோது அது மவுஸில் இடித்தது. புள்ளி நாலு கிலோமீட்டர் தாண்டி, பாறைத்திட்டுகளுக்கு வெளியே, பெருங்கடலில் போய் நின்றது.

மீட்புப் படகு போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ரோவனின் படகு மட்டும் மறுநாள் கவிழ்ந்து கிடந்தது. ரோவன் மூன்றாம் நாள் பிணமாகக் கிடைத்தார். வயது முப்பத்து நான்கு.

அதற்கு மறுநாள் காலை கிளெம் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் அழுததை நான் கேட்டேன். "தம்பி, கம்பிதான் மாத்திட்டோமே. மறுபடி ஒட்டிக்கிச்சோ? சொல்லுங்க தம்பி, ஒட்டிக்கிச்சோ?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்றைச் சொல்லியிருந்தாலும் ரோவன் திரும்பி வரப்போவதில்லை. ஆகையால் மற்றதைச் சொன்னேன். "இயந்திரத்தின் பதிவுகளைப் பாருங்க, எல்லாப் புள்ளியும் வரைஞ்சிருக்கு. திரை சரியாத்தான் இருந்திருக்கு."

"அப்போ டீச்சரம்மா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

கிறைஸ்ட்சர்ச் பேச்சு நன்றாக நடந்தது. ஜூனில், 'சில்லறைச் சீர்திருத்தம்' என்ற தலைப்பில் மற்ற பதினேழு திருத்தங்களோடு அந்த வரியையும் சேர்த்து அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று அந்தப் பிழை உலகத்தில் எந்த இயந்திரத்திலும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மரண விசாரணைக்கு டிரைவரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரின் கருத்து தேவைப்பட்டது. இந்தத் தீவில் அப்படித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன். 'வரைபட நிரல் ஒவ்வொரு மாற்றத்தையும் திரைக்கு அனுப்பியிருப்பது பதிவில் தெளிவாக இருக்கிறது' என்று எழுதினேன். அனுப்பியது உண்மை. போய்ச் சேர்ந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் விசாரணை நாளன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெரிட்டி சாட்சிக் கூண்டில் நின்றார். பாதியாகிப்போயிருந்தார்.

"திரையைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

"நூற்றுப்பத்து தடவை புள்ளி நகர்ந்திருக்கிறதே அம்மா. ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லையா?"

"படல."

"கண் அயர்ந்திருக்கலாமா?"

ரோவனின் தாயார் முன்வரிசையில் இருந்தார். வெரிட்டி அவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அயர்ந்துட்டேன் போலருக்கு" என்றார். "நான் முழிச்சிட்டிருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா நீங்க எல்லாம் படிச்சவங்க, பதிவுல இருக்குன்னு சொல்றீங்க. அப்போ தூங்கித்தான் இருக்கணும். நான்தான் புள்ளையக் கொன்னுட்டேன்."

யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ரோவனின் தாயார் மட்டும் எழுந்து வெளியே போனார். வாசலில் வெரிட்டி என்னைப் பார்த்து, அந்த நிலைமையிலும், "கம்பிக்கு நன்றி சொல்லவே இல்ல தம்பி" என்றார். நான் பரவாயில்லை என்றேன். அவர் குடிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையும். செப்டம்பரில் வடக்கே பர்னி என்ற ஊரிலிருந்து தங்கை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடல் தெரியாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிளெம் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் குடிலிலிருந்த அதே இயந்திரம். நான் தேநீர் போட்டேன். அவர் குடிக்கவில்லை. இயந்திரத்தைச் சமையலறை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

"பதிமூணு தடவை கட்டினேன் தம்பி. இந்தத் தடவை நீங்க சொன்ன எடத்துலேர்ந்து ஆரம்பிக்கல. போன வருஷத்துப் பதிப்புலேர்ந்து ஆரம்பிச்சேன், நானே சோதிச்சுப் பாத்தது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து புள்ளியைப் பாத்தேன். மவுஸைப் புடுங்கி வேற ரூம்ல வச்சிட்டேன், தெரியாத்தனமாக்கூடத் தொட்டுறக் கூடாதுன்னு."

திரையில் ஒரு திருத்தத்தின் விவரம் இருந்தது. தேதி, விளக்கம், ஹாமிஷ் ட்ரெலோர் என்று என் பெயர்.

"அப்புறம் ஜூன்ல போனதையும் பாத்தேன்" என்றார். "அந்தப் பதினெட்டுல ஒண்ணு. அதை மட்டும் எடுத்தா ஒட்டிக்குது, போட்டா சரியாயிடுது. அதுக்குள்ள எழுதின தேதி இருக்கு தம்பி. அனுப்பின தேதி வேற, எழுதின தேதி வேற. எழுதினது மார்ச் மூணு."

எங்கள் கருவிகள் அப்படித்தான், இரண்டு தேதியையும் வைத்துக்கொள்ளும். நான் மாற்றியிருக்கலாம். தோன்றவில்லை. யாரும் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

"மார்ச் மூணாந்தேதி உங்க கையில மருந்து இருந்திருக்கு. ஏப்ரல்ல வந்து கம்பி மாத்தினீங்க. பை தின்னீங்க. அந்தப் புள்ள கையைக் குலுக்கினீங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க பயம் எனக்குப் புரியுது தம்பி. பேரு, மாநாடு, எல்லாம் புரியுது. ஒண்ணு மட்டும் புரியல. அந்தக் காகிதத்தை ஏன் கிழிச்சீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போயிருக்கும். நீங்களும் தப்பிச்சிருப்பீங்க, அவனும் பொழச்சிருப்பான்."

நான் அவருக்கு உண்மையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

கம்பி கெட்டிருந்தால் மவுஸைத் தொடுவதால் சரியாகாது. கிளெம் இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர். அந்தக் காகிதம் தினமும் கண்முன்னால் இருந்தால் என்றாவது ஒருநாள் சிப்பிப் பையைக் கடித்துக்கொண்டே யோசித்துவிடுவார்: தொட்டால் ஏன் சரியாகிறது? அதிலிருந்து என் வரிக்கு வர ஒரு எட்டுதான். ஆகையால் அது அங்கே இருக்கக் கூடாது. உரித்தபோது எனக்கு எல்லாம் தெரியும். திரை மறுபடி உறையும் என்று தெரியும். எதற்கான திரை என்று தெரியும். அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார், அந்தப் புள்ளிக்குள் இருப்பது யார் என்று, ஐந்து நிமிடம் முன்னால் அறிமுகமாகியிருந்ததால், அதுவும் தெரியும். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வரும் வழியில் பெட்ரோல் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

கிளெம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். இயந்திரத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நானும்தானே தம்பி பக்கத்துல நின்னேன். உரிக்கறப்ப நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேராக உங்களிடம்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவ்வளவுதான். நான் எதையும் மறைக்கவில்லை. ரோவன் டிரீனின் சாவுக்குக் காரணம் நான், வேறு எவரும் இல்லை. விசாரணையில் எழுதிக் கொடுத்ததையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பர்னிக்குச் சென்று வெரிட்டி அம்மாளிடம் நீங்கள் இதைச் சொல்லும்போது என் சார்பில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் அவர் ஒரே ஒரு தடவை, தவறியாவது, மவுஸைத் தொட்டிருக்கலாமே என்று ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் அவரை நான் மன்னித்து ரொம்ப நாளாகிறது.